பிரசர் குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

வாசகி கேள்வி:

என் கணவருக்கு 47 வயது. மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்கிறோம். பெரும்போக அறுவடை முடிந்த பிறகு ஒரு நாள் கிறுகிறுப்பு என்று வைத்தியசாலைக்குப் போனபோது பிரசர் 168/104 என்றார்கள். ஒரு வாரம் விட்டு அளந்தபோதும் ஏறத்தாழ அதே அளவுதான். முதலில் லொசார்ட்டன் 50 மில்லிகிராமும் பிறகு அதனுடன் அம்லோடிபின் 10 மில்லிகிராமும் தந்தார்கள். இரண்டு மாதத்தில் 132/84 ஆனது. ஆனால் மாலையானால் இரண்டு கால்களும் வீங்கத் தொடங்கின. குளிசை கிட்னியை அடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தவர்கள் சொல்ல, அவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்து அளந்தபோது 138/86 தான் இருந்தது. வீக்கமும் வற்றத் தொடங்கியது. தனக்கு நோயே இல்லை என்று இப்போது ஒரு மாதமாக மருந்தில்லாமல் இருக்கிறார். முருங்கை இலைச் சாறு குடிக்கிறார். இருமலுக்கென்று அதிமதுரக் கசாயமும் குடிக்கிறார். இடுப்பு வலிக்கு மட்டும் பார்மசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போடுவார். மாமனார் 58 வயதில் பாரிசவாதத்தில் விழுந்து இறந்தவர். பிரசர் குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்குமா? வாழ்நாள் முழுவதும் போடத்தான் வேண்டுமா? மூத்தவளைச் சுமந்தபோது எனக்கும் பிரசர் இருந்து, பிள்ளை பிறந்த பிறகு சரியாகிவிட்டது. அதுபோல அவருக்கும் சரியாகிவிடாதா?

வைத்தியர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே போய்ப் பிரசரை அளந்து, மருந்தை மீண்டும் தொடங்க வேண்டும். அவர் எடுத்த இரண்டு குளிசைகளும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை அல்ல. சிறுநீரகத்துக்கு ஆபத்தானவை உங்கள் கடிதத்திலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று, மருந்தில்லாமல் விடப்பட்ட அந்தப் பிரசர். மற்றையது, இடுப்பு வலிக்கு "மட்டும்" என்று நீங்கள் எழுதியிருக்கும் வலிக்குளிசை.

கால் வீக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரைப் பயமுறுத்தியது அதுதான். சிறுநீரகம் பழுதானால் கால் வீங்கும் என்பது உண்மையாகையால், அக்கம்பக்கத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அம்லோடிபின் என்ற மருந்துக்கும் கால் வீக்கம் நன்கு அறியப்பட்ட ஒரு பக்கவிளைவு. இம்மருந்து இறுகிப்போன சிறிய நாடிகளைத் தளர்த்தி விரியச் செய்வதன் மூலமே பிரசரைக் குறைக்கிறது. அப்படி விரியும்போது நுண்ணிய குருதிக்குழாய்களுக்குள் வரும் அமுக்கம் சற்றுக் கூடி, அங்கிருந்து நீர் தசைக்குள் கசிகிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவரின் கணுக்காலில் அது மாலையில் தேங்கி, இரவு படுத்தெழும்போது பெருமளவு வற்றிவிடுகிறது. சிறுநீரகம் நீரை வெளியேற்ற முடியாமல் உடல் வீங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 5 மில்லிகிராமில் இவ்வீக்கம் குறைவு, 10 மில்லிகிராமில் அதிகம். ஆகவே அளவைக் குறைத்தும், லொசார்ட்டனின் அளவைக் கூட்டியும், தேவையானால் வேறு வகை மருந்துக்கு மாற்றியும் இதைத் தீர்க்கலாம். கிளினிக்கில் "கால் வீங்குகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். நெரிசலான கிளினிக்கில், பின்னால் நூறு பேர் நிற்கும்போது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நோயாளிக்கு வாய் வராது என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டறிய வேண்டியது எங்கள் கடமையும்கூட.

ஆனாலும் வீக்கம் மருந்தால் வந்ததுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட முடியாது. முகமும் வீங்கியதா, நடக்கும்போது மூச்சு வாங்கியதா, சிறுநீர் நுரைத்துப் போனதா என்று அவரிடம் கேளுங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். எப்படியும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற பரிசோதனையும், குருதியில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), பொற்றாசியம் ஆகியவற்றின் அளவும் இப்போது பார்க்கப்பட வேண்டியவை. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளின் கிளினிக்கில் இவற்றை இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

அடுத்து அந்த 138/86. இதைப் பார்த்துத்தான் அவர் தமக்கு நோயில்லை என்று தீர்மானித்தார். அம்லோடிபின் உடலைவிட்டு மிக மெதுவாகவே போகும். உடலிலுள்ள அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் வரை எடுக்கும். அதாவது நிறுத்தி நான்கு நாளான பின்னும் அதில் ஒரு பகுதி அவருடைய குருதியில் இருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வாய்க்காலை மறித்த பிறகும் வரவைக்குள் நின்ற தண்ணீர் இரண்டு மூன்று நாளைக்குப் பயிரைக் காப்பாற்றுவதை அவர் ஒவ்வொரு போகத்திலும் பார்த்திருப்பார்; இதுவும் அப்படித்தான். நிறுத்திய இந்த ஒரு மாதத்தில் அளவு பழைய இடத்துக்கே போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். "ஒன்றும் தெரியவில்லையே" என்று அவர் சொல்லலாம். உயர் குருதி அமுக்கத்தின் கொடுமையே அதுதான். பிடரி வலித்தால் பிரசர், கிறுகிறுத்தால் பிரசர் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ஆயினும் பெரும்பாலானோருக்கு 170, 180 வரை ஏறினாலும் எந்த அறிகுறியும் இராது. உலகில் 30 முதல் 79 வயது வரையானவர்களுள் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களுள் 46 வீதமானோர் அது தமக்கிருப்பதை அறியாதவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. அளக்காமல் அறிய வழியில்லை.

இனி வலிக்குளிசை. சகோதரி, என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்தப் பகுதிதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்துப் பிரசரைக் கூட்டுகின்றன. பிரசர் மருந்தின் வேலையையும் மழுங்கடிக்கின்றன. அதைவிட முக்கியமானது, சிறுநீரகத்துக்குள் குருதியைக் கொண்டு செல்லும் நாடியை விரித்து வைத்திருக்கும் இயற்கையான சுரப்பை அவை தடுத்து, அங்கே போகும் குருதியைக் குறைக்கின்றன. வெயிலில் நின்று வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டிருக்கும் நேரத்தில் இந்தக் குளிசையைப் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக்கூடும். அந்த நேரத்தில் லொசார்ட்டனும் எடுத்துக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே இவை இரண்டையும் சேர்த்து எடுக்கலாகாது. சிறுபோகத்தின் கொளுத்தும் வெயிலில் வயலில் நின்றுவிட்டு வந்து, இடுப்பு வலிக்கு இரண்டு குளிசை போட்டுக்கொண்டு படுப்பவர்களை நான் கிளினிக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் அதை "மருந்து எடுக்கிறேன்" என்று கணக்கில் சொல்வதில்லை. நாங்கள் துருவிக் கேட்டால்தான் வெளியே வரும். பார்மசியில் சீட்டில்லாமல் வாங்குவதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இடுப்பு வலிக்குப் பரசிற்றமோலை அளவோடு எடுக்கலாம். சுடுநீர் ஒத்தடமும் பூசும் மருந்தும் உதவும். வலி நீடித்தால் அதற்கென்றே ஒரு முறை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அதிமதுரத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இருமலுக்கு அது இதமானதுதான். ஆனால் அதிலுள்ள ஒரு பொருள் உடலில் உப்பைத் தேக்கி, பொற்றாசியத்தை வெளியேற்றி, தொடர்ந்து குடிப்பவரின் பிரசரை உயர்த்தும் என்பது மருத்துவம் உறுதியாக அறிந்த விடயம். ஆகவே பிரசர் உள்ளவர் அதை நாள்தோறும் குடிக்கக் கூடாது. முருங்கை இலையில் எனக்கு எந்த மறுப்புமில்லை. கறியாகவோ சுண்டலாகவோ தாராளமாகச் சாப்பிடட்டும். அது நல்ல உணவு, ஆனால் 168/104 என்ற பிரசரை அது தனியே இறக்கிவிடாது.

சிறுநீரகத்தைப் பற்றிய பயம் நம் விவசாயிகளிடம் வேரூன்றியிருப்பதற்குக் காரணமில்லாமல் இல்லை. 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்திலும், பின்னர் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி போன்ற பகுதிகளிலும், காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வயலில் உழைப்பவர்களையே அதிகம் தாக்குவதை நாம் கேள்விப்பட்டு வருகிறோம். ஆனால் அந்நோயின் தொடக்கத்தில் பிரசர் பெரும்பாலும் கூடுவதில்லை. பிரசர் குளிசையால் அது வருவதுமில்லை. உங்கள் கணவரைப் பொறுத்தவரை நாம் அஞ்ச வேண்டிய வழி வேறு. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ஏறத்தாழ 5 லீற்றர் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து இலட்சம் அளவில் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்காக உயர்ந்த அமுக்கத்தில் குருதி மோதும்போது இவை ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் சாகின்றன. செத்தது திரும்ப முளைப்பதில்லை. லொசார்ட்டன் செய்வது இதற்கு நேர்மாறானது. அந்த வடிகட்டிக்குள் இருக்கும் அமுக்கத்தையே அது குறைக்கிறது; நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரில் அல்புமின் போகத் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே நாங்கள் தருகின்ற மருந்து அது. தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியற்றினின் சிறிது கூடலாம். 30 வீதத்துக்குள் கூடினால் அது பெரும்பாலும் ஏற்கத்தக்கதே, அதற்கு மேல் போனாலும் பொற்றாசியம் உயர்ந்தாலும் நாங்கள் மாற்றிக்கொள்வோம். குருதிப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான். கடுமையான வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் மட்டும், அந்த ஓரிரு நாளைக்கு இக்குளிசையை எடுப்பதா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாமனாருக்கு நேர்ந்தது அதே அமுக்கம் மூளையில் செய்யும் வேலை. நாடி அடைபட்டாலும் வெடித்தாலும் பாரிசவாதம் வரும். இரண்டுக்குமே முதன்மையான காரணம் உயர் குருதி அமுக்கம். மேல் அளவை 10 குறைத்தால் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கண்டிருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு இரண்டு மாதத்தில் 36 குறைந்தது. அந்த நன்மையைத்தான் அவர் கால் வீக்கத்துக்குப் பயந்து கைவிட்டிருக்கிறார். இதயத்தில் இது தசையைத் தடிக்கச் செய்து, பிறகு தளரச் செய்கிறது. கண்ணில் விழித்திரையைப் பாதிக்கிறது.

"எனக்கு ஏன் வந்தது?" என்று அவர் கேட்பார். பிரசர் உள்ள நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு ஒரு தனிக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, உடற்பருமன், மது, உறக்கக் குறைவு எல்லாம் சேர்ந்தே கொண்டுவருகின்றன. எஞ்சிய சிலருக்குச் சிறுநீரக நோய், சிறுநீரக நாடி ஒடுங்குதல், அதிரீனல் சுரப்பியின் கோளாறு, தைரொயிட் கோளாறு போன்றவை இருக்கும். உறக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவராயின் அதுவும் ஒரு காரணம். இதை அவர் அறியமாட்டார், பக்கத்தில் படுக்கும் நீங்கள்தான் சொல்ல முடியும். மதுவையும் புகையிலை போட்ட வெற்றிலையையும் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். இரண்டும் பிரசரையும் நாடிகளையும் நேரடியாகப் பாதிக்கின்றன.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சாவி உங்கள் கையில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அது வழித்த ஒரு தேக்கரண்டி. கறியில் போடுவது, சோற்றில் போடுவது, பாணிலும் பிஸ்கட்டிலும் ஏற்கெனவே இருப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு தேக்கரண்டி. கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், நூடில்ஸ் பக்கெற்றுக்குள் இருக்கும் தூள், சூப் கட்டி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே கணக்குத் தாண்டிவிடும். வாவியும் கடலும் அருகில் இருக்கையில் பச்சை மீனை விட்டுக் கருவாட்டை நாள்தோறும் வயலுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. எப்போதாவது சமைத்தால் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமையுங்கள். புளியும் தேசிக்காயும் மிளகும் கறிவேப்பிலையும் உப்பின் இடத்தைப் பெரிதும் நிரப்பும். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரம் சப்பென்றிருக்கும், பிறகு நாக்குப் பழகிவிடும். வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்யக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று வயல்காரர்கள் நம்புகிறார்கள். மூன்று வேளை சாப்பிடுபவருக்கு அதற்கான உப்பு உணவிலேயே கிடைக்கிறது. அவருக்கு வேண்டியது தண்ணீர்தான். இளநீர், வாழைப்பழம், கீரை வகைகள் பொற்றாசியம் நிறைந்தவை என்பதால் பொதுவாகப் பிரசருக்கு நல்லவை. ஆனால் கிரியற்றினின் கூடியிருப்பவருக்கு, அதிலும் லொசார்ட்டன் எடுப்பவருக்கு, பொற்றாசியம் தேங்கி இதயத்துடிப்பையே குழப்பக்கூடும். பரிசோதனை முடிவு தெரியும் வரை இளநீரை அளவோடு கொடுங்கள்.

அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் வயல்காரர்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை. அந்த நாட்களில் வாரத்தில் ஐந்து நாள் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் போதும். உடல் எடை மிகுதியாக இருந்தால், ஒவ்வொரு கிலோ குறையும்போதும் மேல் அளவு ஏறத்தாழ 1 குறையும்.

வாழ்நாள் முழுவதும் போட வேண்டுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, பெரும்பாலும் ஆம் என்பதே. எடை குறைத்து, உப்பைக் குறைத்து, வலிக்குளிசையையும் அதிமதுரத்தையும் விட்ட பிறகு அவருடைய அளவு நன்றாக இறங்கினால், மருந்தைக் குறைக்கவும் சில வேளை ஒன்றை நிறுத்தவும் முடியும். அதை நாங்கள் அளந்து அளந்து, படிப்படியாகச் செய்வோம். அவருடைய இன்றைய நிலையில் இரண்டு மருந்து தேவைப்பட்டது வியப்பல்ல; வேறு வேறு வழியில் வேலை செய்யும் இரண்டைச் சிறிய அளவில் சேர்ப்பது, ஒன்றைப் பெரிய அளவில் கொடுப்பதைவிடப் பலருக்கு நல்ல பயனையும் குறைந்த பக்கவிளைவையும் தருகிறது. மறக்காமல் எடுப்பதற்கு, தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு அதைச் சேர்த்துவிடுங்கள். காலைத் தேநீரோடு என்றால் அது போதும். கிளினிக்குக்குப் போகும் நாளில் "பரிசோதிக்கப் போகிறோம்" என்று காலைக் குளிசையை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் பலரிடம் உண்டு. அது தவறு. மருந்து எடுத்த நிலையில் அளவு எவ்வளவு என்பதையே நாங்கள் பார்க்க விரும்புகிறோம்.

வீட்டில் அளக்கும் கருவி வாங்க முடிந்தால் மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பத்தக்கதல்ல. அளப்பதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குத் தேநீர், புகை, வெற்றிலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, கதிரையில் முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், கையை இதயத்தின் உயரத்தில் மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையிலும் மாலையிலுமாக ஏழு நாள் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை நாங்கள் பார்ப்போம். வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர்ந்த அளவு, கிளினிக்கில் 140/90.

எப்போதாவது 180/120க்கு மேல் போய், அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல், தடுமாற்றம், வாய் கோணல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பயன் என்பதால், எண்ணெய் பூசிப் பார்ப்பதிலும் விடியட்டும் என்று காத்திருப்பதிலும் நேரம் போகக் கூடாது. நாக்கின் கீழ் குளிசை வைத்து அவசரமாக இறக்க முயல வேண்டாம்; திடீரென இறங்கும் அமுக்கமும் மூளைக்குக் குருதி போகாமல் செய்துவிடும். எந்த அறிகுறியும் இல்லாமல் அளவு மட்டும் அப்படி இருந்தால், சற்று ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, அன்றே வைத்தியரிடம் போகலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் கடைசி வரி. மூத்தவளைச் சுமந்தபோது உங்களுக்கு இருந்த பிரசர் கர்ப்பத்தோடு வந்தது. கர்ப்பம் முடிய அது இறங்கியது. உங்கள் கணவருடையது அந்த வகையல்ல, தானாகச் சரியாகும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் பிரசர் வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக அந்நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. அவருடைய அளவுகள் எல்லாவற்றையும் இலக்கம் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரம் அவரை அழைத்துக்கொண்டு போகும்போது அவருடைய கிளினிக் கொப்பி, மிச்சமிருக்கும் பிரசர் குளிசை, அந்த வலிக்குளிசை அட்டை, கசாயச் சரக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவர் எழுந்த அதே கதிரையில் நீங்களும் உட்கார்ந்து, உங்கள் கையையும் நீட்டுங்கள்.